வராண்டாவுக்கு இரண்டாவது கண்ணாடி

டேப்பை உள்ள வைங்க தம்பி. அளவு எங்கயும் ஓடிப் போயிடாது. பதினாலு அடி நீளம், எட்டு அடி அகலம், இந்த வீடு கட்டுன நாள்லேருந்து அப்படியேதான் இருக்கு. முதல்ல உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், அதுல கண்ணாடித் தூள் இருக்கும். எத்தனை தடவை பெருக்குனாலும் வந்துக்கிட்டே இருக்கு. நேத்துகூட என் உள்ளங்கால்ல ஒண்ணு ஏறிடுச்சு. இப்படி உக்காருங்க.

எதுக்கு உக்காரச் சொல்றேன்னா, போன தடவை கண்ணாடி போட வந்தவன் உக்காரவே இல்ல. பச்சையப்பன்னு பேரு. வந்தான், நாலு மூலையிலயும் டேப்பை வச்சான், ஃபோன்ல படம் எடுத்தான், "பக்காவா பண்ணிடலாம் சார்"னான், போயிட்டான். காத்து எந்தப் பக்கம் அடிக்கும், வராண்டாவை எதுக்கு அடைக்கிறோம், ஒண்ணும் கேக்கல. இப்ப பாருங்க, மொத்தமும் உடைஞ்சு கெடக்கு. ஃபோன் பண்ணா ரிங் போவுது, எடுக்க மாட்டேங்கறான். அதனாலதான் சொல்றேன், நீங்க முழுசாக் கேட்டுட்டு அப்புறம் அளவெடுங்க.

அவளைப் பாக்கறீங்களா? என் வீட்டுக்காரிதான். மங்கையர்க்கரசி. சித்திரையில பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துடுச்சு. பேச்சும் போச்சு. நாம பேசறதெல்லாம் நல்லாப் புரியும், பதில்தான் வராது. நீங்க கூச்சப்படாம இருங்க.

நான் மின்வாரியத்துல முப்பத்தி நாலு வருசம். லைன் இன்ஸ்பெக்டரா ரிட்டயர் ஆனேன். தானே புயல் அடிச்சப்ப கடலூர்ல இந்தப் பக்கம் ஒரு கம்பம் நிக்கல. திரும்ப நட்டதுல பாதி நான் பக்கத்துல நின்னு நட்டது. காத்தைப் பத்தி எனக்கு ஒருத்தன் சொல்லித்தர வேணாம். வைகாசி வெயில்ல இந்தத் தரையில கால் வைக்க முடியாது தம்பி. ஐப்பசி வந்தா சாரல் கூடம் வரைக்கும் வரும். மத்த நாள்ல கடல்காத்து மணலைக் கொண்டாந்து கொட்டும். இதையெல்லாம் நடக்க முடியாதவ மேல விடணுமா? அதனால அடைச்சேன். இடுப்பு உசர சுவருக்கு மேல சுத்திக் கண்ணாடி போட்டு, ஏசி வச்சு, மகாராணியா உக்கார வச்சேன். இதுல என்னா தப்பு? சொல்லுங்க. என்னா தப்பு?

என் பொண்ணு தப்புங்கறா. இளவரசின்னு பேரு, கோயம்புத்தூர்ல இருக்கா. ஃபோன்லயே எல்லாம் தெரியும் அவளுக்கு. "அம்மாவை ஷோகேஸ்ல வச்சுட்டீங்கப்பா"ங்கறா. மலம் மூத்திரம் அள்ளறவன் நான். தல வாரி விடறவன் நான். ஜடை பின்னக் கத்துக்கிட்டேன் தம்பி, இந்த வயசுல. அவ ஃபோன்ல இருந்துக்கிட்டு ஷோகேஸுங்கறா.

சரி, உங்ககிட்ட மறைக்க என்னா இருக்கு. வெயிலும் மழையும் ஒரு பக்கம். அந்த மீன்காரி ஒரு பக்கம்.

அஞ்சலாட்சின்னு ஒருத்தி. தினம் ஒம்பது மணிக்குத் துறைமுகத்துலேருந்து அன்னக்கூடையைத் தூக்கிட்டு வருவா. இந்தச் சுவத்து மேல கூடையை வைப்பா. இருபது வருசப் பழக்கம். மங்கை நல்லா இருந்தப்ப ரெண்டு பேரும் அரை மணி நேரம் பேசுவாங்க. அப்ப நான் ஒரு வார்த்தை சொன்னதில்ல. ஆனா உடம்பு இப்படி ஆயிடுச்சு, வாய் ஒரு பக்கம் கோணிப் போச்சு, எச்சில் ஒழுகுது. பாக்கறவங்க நாகரிகமா ஒதுங்கிப் போவணுமா இல்லையா? எதிர்வீட்டுக்காரங்க, கோடிவீட்டு வாத்தியார், எல்லாரும் பாத்தும் பாக்காத மாதிரிதான் போனாங்க. நல்ல மனுசங்க. இவ மட்டும் வருவா. வந்து, முன்னைக்கு இப்ப அதிக நேரம் நிப்பா.

நின்னு என்னா பண்ணுவா தெரியுமா? கூடையிலேருந்து ஒரு சங்கராவை எடுப்பா. செக்கச்செவேல்னு இருக்கற சங்கரா. அதை இவ மூஞ்சிக்கு நேரா நீட்டி, "அக்கா, வஞ்சிரம் வாங்கிக்க"ம்பா.

வஞ்சிரமாம்! இருபது வருசமா மீன் விக்கறவளுக்கு மீன் பேரு தெரியாதா தம்பி? இவளுக்கு வாய் செத்துப் போச்சு, எதைக் குடுத்தாலும் கேள்வி கேக்க மாட்டான்னுதானே அர்த்தம்? மங்கைக்குப் பாவம் உடம்பெல்லாம் நடுங்கும். "ச... ச..."ம்பா. அவ விட மாட்டா. "என்னாக்கா ச? வஞ்சிரம்தான், நல்லாப் பாரு"ம்பா. இவளுக்குக் கண்ணுல தண்ணி வந்துடும். கழுத்து நரம்பு பொடைக்கும். கால் மணி நேரம். கடைசியில உசுரைக் குடுத்து, "சங்...கரா!"ன்னு கத்துவா. உடனே அந்தப் பொம்பளை கையைத் தட்டிக்கிட்டுச் சிரிப்பா. இவளும் கூடச் சேந்து இளிப்பா. அதான் எனக்குத் தாங்க முடியல. தன்னைக் கேலி பண்றாங்கன்னுகூடத் தெரியாம இவளும் சிரிக்கறா.

மறுநாள் நெத்திலியைக் காட்டி எறாலும்பா. அதுக்கு மறுநாள் கெளுத்தியைக் காட்டி மத்திம்பா. இதைப் பாக்கறதுக்குத் தெருவுல ரெண்டு பொம்பளைங்க கூடிடுவாங்க. "இன்னைக்கு என்னா மீனு"ன்னு கேக்கறது. "அக்கா சொல்லிடுச்சு டோய்"ங்கறது. என் பொண்டாட்டி என்னா குரங்காட்டமா?

ஒருநாள் வெளில வந்து சத்தம் போட்டேன். "ஏம்மா, உனக்கு மனசாட்சி இருக்கா, பேச்சு இல்லாதவ வாயை நோண்டிப் பாக்கறே"ன்னு கேட்டேன். அவ என்னா சொன்னா தெரியுமா? "சாரு, உங்களுக்கு இது புரியாது, நீங்க உள்ள போங்க." என் வீட்டு வராண்டாவுல நின்னுக்கிட்டு என்னையே உள்ள போவச் சொல்றா! மங்கையும் இடது கையை ஆட்டி, போ போங்கறா. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இதை அடைச்சே தீரணும்னு.

நீங்க தண்ணி குடிக்கறீங்களா? பானையில இருக்கு. கரண்ட் வந்து நாலு நாள்தான் ஆவுது, ஃபிரிட்ஜு இன்னும் சரியா ஓடல.

இன்னொரு விஷயம் இருக்கு. பேச்சுப் பயிற்சி குடுக்க ஒரு பொண்ணு வந்துக்கிட்டு இருந்துச்சு, பிலோமினான்னு. வாரத்துக்கு ரெண்டு நாள். முதல் நாளே கேக்குது, "அம்மா, உங்க பேரு என்ன?" இவ "மங்... மங்"ங்கறா. "பொண்ணு பேரு?" "இள..." வரைக்கும் வந்துடுச்சு. எனக்கு சந்தோசம் தாங்கல. "சரி, சார் பேரு என்ன?" நான் எதிர்லயே நிக்கறேன் தம்பி. இப்படி, உங்க தூரத்துல. இவ வாயை மூடிக்கிட்டா. உதட்டை இறுக்கி மூடிக்கிட்டா. அந்தப் பொண்ணு மூணு தடவை கேட்டுச்சு. அசையல. அது நோட்டுல என்னமோ எழுதிக்கிச்சு. அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கல.

பொண்ணு பேரு வருது, மீன் பேரு வருது. என் பேரு வரலைன்னா என்னா அர்த்தம்? மூளையில என் பேரு இருந்த எடம் மட்டும் செத்துப் போச்சா?

அவ என் பேரைச் சொன்னதே இல்லைங்கறது வேற விஷயம். கல்யாணம் ஆயி முப்பத்தெட்டு வருசம், ஒருநாளும் சொன்னதில்ல. கோயில்ல அர்ச்சனைக்கு ஐயர் பேரு கேட்டா என் பக்கம் திரும்பிப் பாப்பா. ரேஷன் கடையில கேட்டா கார்டை நீட்டுவா. வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போவணும்னாகூட அந்தப் பேரைச் சொல்ல மாட்டா, என் பேரு வைத்திலிங்கம் பாருங்க, அதனால "செவ்வா கோயிலு"ம்பா. அவ்வளவு மரியாதை. அவங்க வீட்டு வளப்பு அப்படி. என்னை "என்னங்க"ம்பா, அவ்வளவுதான். ஆனா சீக்குன்னு வந்துட்டா சொல்லித்தானே ஆவணும்? டாக்டர் கேட்டா சொல்லணுமா வேணாமா?

அதனால ஆவணியில கண்ணாடி போட்டு முடிச்ச உடனே நானே பயிற்சியை எடுத்துக்கிட்டேன். கண்ணாடின்னா சாதாரணக் கண்ணாடி இல்ல. நீலக் கலரு, வெளிலேருந்து பாத்தா உள்ள இருக்கறது தெரியாது. சந்து பொந்தெல்லாம் சிலிக்கான் அடிச்சு அடைச்சாச்சு. ஒரு சத்தம் உள்ள வராது. தினம் பத்துலேருந்து பதினொண்ணு. ஏசியைப் போட்டு, எதிர்ல நாற்காலி போட்டு உக்காந்து கேப்பேன். "நான் யாரு? என் பேரு என்னா? வை... சொல்லு. வை..." அவ மூஞ்சியைத் திருப்பிக்குவா. நாடியைப் பிடிச்சு இந்தப் பக்கம் திருப்புவேன். அடிக்கல தம்பி, சாமி சத்தியமா அடிக்கல. பொறுமையாத்தான் கேட்டேன். நாலு மாசம், ஒருநாள் விடாம கேட்டேன். அந்தப் பொண்ணு பிலோமினா ஒருநாள், "அம்மா வேற யாரோட பேசறாங்க சார்?"னு கேட்டுச்சு. "நான் இருக்கேன்ல, வேற யாரு எதுக்கு?"ன்னேன். அது, "உங்களைப் பாத்தாலே பதட்டப்படறாங்க சார்"னுச்சு. அதையும் வர வேணாம்னுட்டேன்.

அந்த மீன்காரி மட்டும் விட்டாளா? கண்ணாடி போட்ட மறுநாளே வந்துட்டா. தெருவுல நின்னு கத்தறா, உள்ள கேக்கல. வாய் மட்டும் அசையுது. அவளுக்கு அவ மூஞ்சிதான் கண்ணாடியில தெரிஞ்சிருக்கும். மோதிரக் கையால தட்டறா. நான் ஸ்லைடிங் கண்ணாடியை ஒரு சாண் தள்ளித் தொறந்து, "இனிமே மீன் வேணாம், நாங்க கடையில வாங்கிக்கறோம்"னு சொல்லிட்டு மூடுனேன். போவணும்ல? போவல. ஒரு பாறை மீனை எடுத்துக் கண்ணாடியில ஒட்ட வச்சுக் காட்டறா. கண்ணாடி பூரா கவிச்சி. அப்ப மங்கை என்னா பண்ணா தெரியுமா? இடது கையால கண்ணாடியை அந்தப் பக்கம் பாத்து டப்பு டப்புன்னு அடிச்சா. வெரட்டறா! எனக்கு எவ்வளவு சந்தோசம். "அப்படித்தான், போடு"ன்னேன். ஒரு வாரம் வந்தா அந்தப் பொம்பளை, ஒரு வாரமும் இவ அடிச்சா. அழுதுக்கிட்டே அடிச்சா, அவ்வளவு கோவம் அவ மேல. அப்புறம் நான் திரைச்சீலை போட்டுட்டேன். வர்றது நின்னுபோச்சு.

அதுக்கப்புறம் வீடு நிம்மதியா இருந்துச்சு. மங்கை அமைதியாயிட்டா. ச... ச...ன்னு திக்கறதில்ல, கழுத்து நரம்பு பொடைக்கறதில்ல. நல்லா ஓய்வு எடுக்கறாள்னு நெனச்சேன். ஐப்பசியில டாக்டர்கிட்ட போனா அந்த ஆளு குதிக்கறான். "ஆடியில முப்பது வார்த்தைகிட்ட சொன்னாங்களே, இப்ப தண்ணிக்குக்கூட கை காட்டறாங்க. வீட்ல என்ன மாத்துனீங்க?"ங்கறான். "எல்லாத்தையும் வசதியா மாத்தியிருக்கேன் சார்"னேன். "அப்படின்னா பழையபடி மாத்துங்க"ங்கறான். டாக்டருக்கு வீடு கட்டறதைப் பத்தி என்னா தெரியும்? வேற டாக்டரைப் பாத்துக்கறேன்னு எந்திரிச்சு வந்துட்டேன்.

இப்ப புயலைச் சொல்றேன், இதை நீங்க கவனிக்கணும். கார்த்திகையில காலையில ஏழு மணிக்குப் பிடிச்சுது. நான் முன்னாடியே கண்ணாடிக்கெல்லாம் டேப் ஒட்டிட்டேன். முதல்ல வடக்கேயிருந்து அடிச்சுது. நம்ம வீடு தெக்குப் பாத்தது, வராண்டாவுக்கு ஒண்ணும் ஆவல. பத்து மணிக்குக் காத்து அப்படியே நின்னுபோச்சு. எதிர்வீட்டாளு வெளில வந்து ஃபோன்ல படம் பிடிக்கறான். எனக்குத் தெரியும், இது ஓயறது இல்ல, நடுப்புயல். இனிமேதான் தெக்கேயிருந்து திரும்பி அடிக்கும். மங்கையை உள்ரூம் கட்டில்ல படுக்க வச்சுட்டு, நான் வந்து நடுக் கண்ணாடிக்கு முதுகு குடுத்து நின்னேன்.

அடிச்சுது பாருங்க. முதுகுல கண்ணாடி உள்வாங்கி உள்வாங்கி வெளில போவுது. ஃப்ரேமு கதறுது. நான் காலை ஊனி நிக்கறேன். நின்னிருந்தா காப்பாத்தியிருப்பேன். அந்த நேரம் பாத்து உள்ளேயிருந்து இவ எவர்சில்வர் தட்டை எடுத்துக் கட்டில் கம்பியில அடிக்கறா. டங்கு டங்குன்னு. நிறுத்தவே மாட்டேங்கறா. "இருடி, வரேன்"னு கத்தறேன், இன்னும் பலமா அடிக்கறா. தட்டே நெளிஞ்சு போச்சு. சரி, பயந்துட்டா போலன்னு உள்ள போனேன். வாசப்படியைத் தாண்டல, பின்னால வெடிச்ச மாதிரி ஒரு சத்தம். பதினாலு அடியும் உள்ள வந்து விழுந்துச்சு. நான் நின்ன எடத்துக்கு நேர் எதிர் சுவத்துல ஒரு கண்ணாடி கத்தியாட்டம் குத்திக்கிட்டு நிக்குது. எல்லாம் இவ தட்டுனதாலதான். "ரெண்டு நிமிசம் சும்மா இருந்திருக்கக் கூடாதா"ன்னு திட்டுனேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டா. விடவே இல்ல. அவ்வளவு பயம்.

அப்புறம் ஒம்பது நாள் கரண்ட் இல்ல. புழுக்கம்னா புழுக்கம், உள்ள ஒரு நிமிசம் இருக்க முடியல. வேற வழியில்லாம நாற்காலியை இங்கயே, உடைஞ்ச சட்டத்துக்கு நடுவுல போட்டு உக்கார வச்சேன். இதே எடம். மூணாம் நாள் யாரு வர்றா தெரியுமா? அவதான். அஞ்சலாட்சி. அவ வீட்டுக் கூரை போச்சாம், படகு எதுவும் கடலுக்குப் போவலையாம், மீனே இல்ல. வெறுங்கூடையில ரெண்டு கருவாட்டைப் போட்டுக்கிட்டு வந்து நிக்கறா. மங்கையைப் பாத்தா. கூடையைச் சுவத்து மேல வச்சா. அப்புறம் நீளமா ஒரு வாளைக் கருவாட்டை எடுத்து நீட்டி, "அக்கா, வஞ்சிரக் கருவாடுக்கா"ங்கறா.

எனக்கு வந்துச்சே கோவம். வாய் தொறந்தேன். அதுக்குள்ள இவ, "வாளைடி. கண்ணு... தெரியல?"ங்கறா.

முழுசா தம்பி. மூணு வார்த்தை. நாலு மாசமா நான் தொண்டைத் தண்ணி வத்தக் கேட்டு வராதது ஒரு கருவாட்டுக்கு வருது. அந்தப் பொம்பளை தரையில உக்காந்துட்டா. இவ கையைப் பிடிச்சுக்கிட்டு அழறா, இவளும் அழறா, அப்புறம் ரெண்டு பேரும் சிரிக்கறாங்க. சுத்தியும் என் கண்ணாடி நொறுங்கிக் கெடக்கு, இதுங்க சிரிக்குதுங்க. நான் தொடப்பத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். என்னை ஒருத்தி திரும்பிப் பாக்கல.

எனக்கு வயித்தெரிச்சல்தான். சொல்லிடறேன். குளிப்பாட்டறது நான், ஊட்டி விடறது நான். மீன்காரிக்கு "வாளைடி". எனக்கு ஒரு "என்னங்க"கூடக் கிடையாது. இப்ப தினம் வர்றா. நேத்து பத்து வார்த்தை பேசியிருப்பா இவ. எல்லாம் அவகிட்டதான்.

போதும். எந்திரிங்க, டேப்பை எடுங்க. இந்தத் தடவை பன்னெண்டு எம்எம் டஃபன் கண்ணாடி, லேசுல உடையாதது. ஸ்லைடிங்கே வேணாம், மொத்தமும் ஃபிக்ஸடு. ஒரு ஈ உள்ள வரக் கூடாது. நீங்க அந்த மூலைக்குப் போங்க, நான் இந்த முனையைப் பிடிச்சுக்கறேன். அவ நாற்காலிக்குப் பின்னால சுவத்து மேலயே கொண்டு போங்க. ம். இழுங்க.

என்னா தம்பி, நின்னுட்டீங்க? வரலையா? எங்க மாட்டிக்கிச்சு?

மங்கை, கையை எடு. டேப்பை விடு. தகடும்மா அது, கையை அறுத்துடும். விடுன்னு சொல்றேன்ல? அவரு வேலையைப் பாக்கட்டும். உனக்காகத்தானே இவ்வளவும் செய்யறேன்? என்னா முறைக்கறே? வேணும்னா வேணும்னு சொல்லு, வேணாம்னா வாயைத் தொறந்து...

என்னா சொன்னே?

தம்பி, உங்களுக்குக் கேட்டுச்சா? "வைத்திலிங்கம், வேணாம்"னு சொன்னா. என் பேரைத்தான் சொன்னா. நீங்க கேட்டீங்கதானே? கட்டுன புருசனை வெளியாளு முன்னால பேரைச் சொல்லி அதட்டறா தம்பி. ஒரு எழுத்து திக்கல. அப்ப அவளுக்கு என் பேரு தெரியும். அன்னைக்கும் தெரிஞ்சுதான் இருந்திருக்கு.

நீங்க டேப்பைச் சுருட்டிக்குங்க. இல்ல, கண்ணாடி வேணாம். அதான் வேணாங்கறாளே.

மங்கை, இன்னொரு தரம் சொல்லு. கோவமாவே சொல்லு.